‘அந்த மாத்திரை’ இருக்கா?

மாசி பிறந்துவிட்டால் எங்கள் மருந்துக்கடையில் ஒரு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். திண்டுக்கல்லில் அது கோட்டை மாரியம்மன் திருவிழாக் காலம். பூச்சொரிதல் முடிந்ததுமே பெண்கள் ஒவ்வொருவராகக் கடைப்படி ஏறுவார்கள். சில நேரம் கூடவே மாமியாரும் வருவார். “ஏம்மா, இவளுக்குப் பூக்குழி அன்னிக்குத்தான் தேதி வருது. தள்ளிப்போடுற மாத்திரை குடு” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி மாமியாரே சொல்வார். இருமல் மருந்துக்கு நிற்கிற ஆண்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாமி காரியம் ஆயிற்றே.

அதே மருமகள் இரண்டு மாதம் கழித்துத் தனியாக வருவாள். ஒரு தலைவலித் தைலம் வாங்குவாள். கொஞ்சம் பஞ்சு வாங்குவாள். சில்லறையை எண்ணுகிற சாக்கில், பக்கத்தில் நிற்பவர் போகும்வரை காத்திருப்பாள். கடை காலியானதும் குரலைத் தாழ்த்தி, “அக்கா, அந்த மாத்திரை இருக்கா?” என்பாள்.

எந்த மாத்திரை என்று நான் திருப்பிக் கேட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும். கேட்காமல் கொடுத்தால் என் வேலையை நான் செய்யவில்லை என்று அர்த்தம். ஏனென்றால் ‘அந்த மாத்திரை’ என்று ஒன்று இல்லை. என் கடை அலமாரியில் மட்டும் நான்கைந்து வகை இருக்கிறது. ஒன்றைத் தினமும் போட வேண்டும், ஒன்றை வாரம் ஒருமுறை, ஒன்றை அவசரத்துக்கு மட்டும். ஒன்று கருத்தடை மாத்திரையே இல்லை.

பதினாலு வருடமாக இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். யாருக்கு எது பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாங்கிப்போன மாத்திரையை எப்படிப் போடுவது என்பது, கவுன்ட்டரில் கிசுகிசுப்பாக அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், கருத்தடை மாத்திரை அல்லாதது

திருவிழாவுக்கு வாங்குகிற மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன், 5 மி.கி. ப்ரைமோலட்-என் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். தேதி வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை போடச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும்.

சென்ற வருடம் ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். “இதைத்தான் மூணு மாசமா அப்பப்போ போட்டுக்கிட்டு வர்றேன், ஆனாலும் தள்ளிப்போயிருச்சே அக்கா” என்றாள். தேதியைத் தள்ளிப்போடுகிற மாத்திரை பிள்ளையையும் தள்ளிப்போடும் என்று அவளாக நினைத்திருக்கிறாள். பேரில் என்னவோ பொருத்தம் இருக்கிறது, வேலையில் இல்லை. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடுகிற நோரெதிஸ்டிரோனைக் கருத்தடையாக நம்பவே கூடாது. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் இதைத் திருவிழாவுக்கென்றுகூட டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கர்ப்பத்தைக் கலைக்கிற மாத்திரையும் வேறு. அது டாக்டரின் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டியது. அதை இந்தப் பதிவில் சேர்க்கவில்லை.

தினசரி மாத்திரை: 21-ஆ, 28-ஆ?

உலகம் முழுக்க ‘தி பில்’ என்று சொல்வது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்தது. சூல்பையிலிருந்து கருமுட்டை வெளிவராமல் நிறுத்தி வைப்பதுதான் இதன் முக்கிய வேலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற மாலா-என், கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற மாலா-டி இரண்டிலும் மருந்து ஒன்றேதான்: லெவோநோர்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மி.கி. ஓவ்ரல்-எல் அட்டையிலும் இதே அளவுதான்.

வித்தியாசம் எண்ணிக்கையில். மாலா அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன் மாத்திரை, மீதி 7 வேறு நிறத்தில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளில் மாதவிடாய் வரும். 28 முடிந்ததும் மறுநாளே அடுத்த அட்டை, இடைவெளியே கிடையாது. 21 மட்டும் உள்ள அட்டை என்றால், அது தீர்ந்தபின் ஏழு நாள் சும்மா இருந்துவிட்டு எட்டாம் நாள் புது அட்டை. திங்கட்கிழமை தொடங்கியவருக்கு எல்லா அட்டையும் திங்கட்கிழமைதான் தொடங்கும். 24 ஹார்மோன் மாத்திரையும் 4 வெற்று மாத்திரையும் கொண்ட அட்டைகளும் உண்டு. எனவே அட்டையைத் திருப்பிப் பார்த்து எண்ணுங்கள்.

“இரும்பு மாத்திரைதானே, அதைத் தூக்கிப் போட்டுட்டேன்” என்பவர்கள் உண்டு. எறிந்துவிடுவதால் கருத்தடை கெட்டுவிடாது. ஆனால் நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. மேலும், அந்த ஏழு மாத்திரையால் தினமும் மாத்திரை போடுகிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும்.

எப்போது தொடங்குவது? மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் முதல் மாத்திரை போட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. அதற்குப் பிறகு தொடங்குவதானால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்கலாம். ஆனால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும்.

எந்த நேரத்தில்? காலையோ இரவோ உங்கள் விருப்பம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். குமட்டல் வருகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் கொஞ்சம் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை மறக்கிற மாத்திரை

எங்கள் தெருவில் ஒருவர் ஒரு நல்ல உத்தி கண்டுபிடித்தார். ராத்திரி எட்டரை மணி சீரியல் பாட்டு கேட்டால் மாத்திரை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் மாதம் “நடுநடுவே ரத்தம் படுது” என்று வந்தார். பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த சீரியல் திங்கள் முதல் சனி வரைதான். ஞாயிறு ராத்திரி பாட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. திங்கட்கிழமை ராத்திரி வழக்கம்போல ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

மறந்துபோனால் என்ன செய்வது என்பதை அவருக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கேயும் தருகிறேன்.

ஒரு மாத்திரை மறந்தால்: நினைவு வந்த உடனே அதைப் போடுங்கள். அன்றைய மாத்திரையை அதன் நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போடும்படி ஆனாலும் பரவாயில்லை. ஆணுறை தேவையில்லை.

தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ மறந்தால்: கடைசியாக மறந்த ஒன்றை உடனே போடுங்கள். அதற்கு முன் மறந்தவற்றை விட்டுவிடுங்கள், மொத்தமாக விழுங்க வேண்டாம். மீதியைத் தினம் ஒன்றாகத் தொடருங்கள். அடுத்த ஏழு நாள் தொடர்ந்து மாத்திரை போட்டு முடிக்கும்வரை ஆணுறை கட்டாயம்.

அந்த மறதி மூன்றாவது வாரத்தில் நடந்தால்: ஹார்மோன் மாத்திரைகளை முடித்த கையோடு, இரும்பு மாத்திரையையோ ஏழு நாள் இடைவெளியையோ விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போங்கள். அந்த மாதம் மாதவிடாய் வராமல் போகலாம், பயம் வேண்டாம்.

மறதி முதல் வாரத்தில் நடந்து, அதற்கு முந்தைய ஐந்து நாளுக்குள் உறவும் இருந்தால்: அவசர மாத்திரை தேவையா என்று அன்றே கேளுங்கள்.

இரும்பு மாத்திரை மறந்தால்: ஒன்றும் ஆகாது. மறந்ததை எறிந்துவிட்டு அடுத்ததைத் தொடருங்கள்.

இந்த ஏழு எங்கிருந்து வருகிறது? ஏழு நாள் தொடர்ந்து மாத்திரை போட்டால் சூல்பை அடங்கிவிடும். ஏழு நாள் வரை சும்மா விட்டாலும் அடங்கியே இருக்கும். எட்டு, ஒன்பது என்று நீண்டால் விழித்துக்கொள்ளும். ஆகவே எந்த மாத்திரையை மறக்கவே கூடாது என்று என்னைக் கேட்டால், புது அட்டையின் முதல் மாத்திரை என்பேன். இடைவெளியின் வாலில் இன்னும் இரண்டு நாள் சேர்ந்துவிடுகிறதே, ஆபத்து அங்கேதான். நம் பெண்கள் அதிகமாக மறப்பதும் அதையேதான். அட்டை தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக ஆள் இல்லை, போனால் கடையில் சித்தப்பா நிற்கிறார்.

மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். வாந்தியும் பேதியும் இரண்டு நாளைத் தாண்டினால் மாத்திரை மறந்த கணக்கில் வைத்துக்கொண்டு மேலே சொன்னபடி செய்யுங்கள்.

மினி மாத்திரை: கடிகாரக்காரி

ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது இது. பால் கொடுக்கும் தாய்மாருக்கும், ஈஸ்ட்ரோஜன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் டாக்டர்கள் எழுதுவார்கள். ஹார்மோன்கள் இரண்டும் சேர்ந்த மாத்திரையை, பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தள்ளிவைப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மினி மாத்திரையை அதற்கு முன்பே தொடங்கலாம். எப்போது என்று பிரசவம் பார்த்த டாக்டர் சொல்வார்.

இதில் பெரும்பாலான வகைகளில் 28-உம் மருந்து மாத்திரைதான். இடைவெளி கிடையாது. மாதவிடாய் நாளிலும் போட வேண்டும். நேரக் கண்டிப்பும் அதிகம். நோரெதிஸ்டிரோன் குறைந்த அளவில் உள்ள பழைய வகையில் மூன்று மணி நேரம் தாமதமானாலே மறந்த கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் வகையில் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் உடனே ஒன்று போட்டுவிட்டு, அடுத்த இரண்டு நாள் ஆணுறை. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரலாம், வராமலும் போகலாம்.

“பால் குடுக்குற வரைக்கும் தங்காதுல்ல?” என்று கேட்காத தாய் இல்லை. குழந்தையின் வயது ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அந்த நம்பிக்கைக்கு இடம் உண்டு. நான்காம் மாதமே செரலாக்கைக் கரைத்துக் கொடுக்கிற வீட்டில் அது செல்லாது.

சாயா: வாரம் ஒருமுறை

இது நம் நாட்டுச் சரக்கு. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நித்யானந்த் என்ற விஞ்ஞானியின் தலைமையில் உருவானது. மருந்தின் பெயர் சென்ட்குரோமன், 30 மி.கி. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2016-இல் அரசின் குடும்பநலத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் சேர்த்தார்கள். இதில் ஹார்மோன் கிடையாது. பால் கொடுப்பவர்களும் போடலாம்.

போடும் முறையில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். மாதவிடாயின் முதல் நாளில் முதல் மாத்திரை. மூன்று நாள் கழித்து இரண்டாவது. இப்படி வாரத்துக்கு இரண்டாக முதல் மூன்று மாதம். நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒன்று, அதுவும் முதல் மாத்திரை போட்ட அதே கிழமையில். ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும். திங்கள் என்றால் வியாழன். செவ்வாய் தொடங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள், செவ்வாயும் வெள்ளியும் வரும். விளக்குக்குத் திரி போடும்போதே மாத்திரையும் ஞாபகம் வந்துவிடும். மூன்று மாதம் முடிந்ததும் செவ்வாய் மட்டும். நடுவில் மாதவிடாய் வந்தாலும் வராவிட்டாலும் கிழமை மாறக் கூடாது.

மாத்திரை மறந்து, ஒரு வாரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுவிட்டு, பழைய கிழமையிலேயே தொடருங்கள். அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறை. ஏழு நாளைத் தாண்டிவிட்டால் மறுபடி புதிதாக, வாரம் இரண்டு என்று மூன்று மாதம்.

சாயாவில் மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம். ஆனாலும் பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் மஞ்சள் காமாலையோ கல்லீரல் நோயோ வந்தவர்கள், காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதில்லை.

அவசர மாத்திரை, என் கடையின் பழைய பாவம்

லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே ஒரு மாத்திரை. ஐ-பில் என்பது இதுதான். ஆணுறை கிழிந்தால், மாத்திரை மறந்தால், விருப்பமில்லாமல் ஏதாவது நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்றாம் நாள்வரை இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். மாதவிடாய் எதிர்பார்த்த தேதியிலிருந்து ஒரு வாரம் தள்ளினால் பரிசோதனை செய்யுங்கள். இன்று போட்ட மாத்திரை நாளைய உறவுக்குக் காவல் இல்லை. இதையே மாதாமாதம் நம்பியிருப்பதும் சரியில்லை, தினசரி மாத்திரையைவிட இதன் பலன் குறைவு. இன்னும் உறுதி வேண்டுமானால் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அவசரக் கருத்தடையில் மிகவும் நம்பகமானது அதுதான்.

இதை வாங்க மருந்துச்சீட்டு தேவையில்லை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் “இல்லம்மா” என்ற பதில்தான் பல இடத்தில். எங்கள் கடையும் அப்படித்தான் பல வருடம் இருந்தது. சட்டத்தில் தடை எதுவும் இல்லை. “எதுக்கு வம்பு, ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க” என்று அப்பா ஆர்டர் போட மாட்டார். ஒருநாள் காலை ஒரு பெண், தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை, கணவனோடு வந்து கேட்டாள். ஏற்கெனவே நான்கு கடை பார்த்துவிட்டார்களாம். நானும் இல்லை என்றேன். படியிறங்கும்போது அவன் கைபேசியில் மணி பார்த்தான். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவே இல்லை. அடுத்த வாரமே அப்பாவிடம் சண்டை போட்டு ஆர்டர் கொடுத்தேன். இப்போது இருக்கிறது.

யார் தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எல்லாருமே ஒருமுறை பார்ப்பது நல்லது. ரத்த அழுத்தம் பார்க்காமல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தொடங்க வேண்டாம். ஊரில் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்கலாம், நர்சம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ இதய நோயோ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைப்பவர்கள், கண்முன் மின்னல்போல் நெளிகோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதை மறைக்காதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்றவை கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். நம் ஊரில் காசநோய் மருந்து ஆறு மாதம் சாப்பிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வேறு வழி தேவை. சளிக்குத் தருகிற அமாக்ஸிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கால் கெடுதல் இல்லை.

மாத்திரை போடும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீரெனத் தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, உடனே மருத்துவமனை. மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கவுன்ட்டரில் கேட்கிற பயங்கள்

“ரத்தம் கம்மியா வருதே, உள்ளேயே தங்கிருமா?” தங்காது. மாத்திரையால் கருப்பையின் உள்பூச்சு மெல்லியதாகிறது. வெளியேற அவ்வளவுதான் இருக்கிறது.

“பின்னாடி புள்ளையே தங்காதாமே?” நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களுக்குள் பழையபடி கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். நிறுத்திய மாதமே தங்கியவர்களும் உண்டு.

“எங்கம்மா காலத்துல இதைச் சாப்பிட்டு ஒரே வாந்தியாம்.” இருக்கலாம். 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென முதன்முதலில் ஒப்புதல் பெற்ற எனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 0.15 மி.கி. இருந்தது. இன்றைய மாலாவில் 0.03. காலப்போக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இப்போதும் முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பகங்களில் வலி, இடையிடையே ரத்தம் படுவது இருக்கலாம். பலருக்கும் தானாகவே அடங்கிவிடும். ரத்தம் படுகிறதே என்று பாதி அட்டையில் நிறுத்துவதுதான் தப்பு. மாத்திரைகள் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கு ஆணுறைதான்.

என் பீரோ

தவறாமல் போட்டால் தினசரி மாத்திரையில் வருடத்துக்கு நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கர்ப்பமாகும். நிஜ வாழ்க்கையில் அது ஏழு பேர். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருப்பது மருந்தின் குறை இல்லை. அட்டை எங்கே இருக்கிறது என்பதுதான்.

என் அட்டை பீரோவில் இருந்தது, பட்டுப்புடவை மடிப்புக்குள். மருந்துப் படிப்பு படித்தவள், தினமும் பத்துப் பேருக்கு விளக்கம் சொல்கிறவள், மாமியார் வீட்டில் அதை வெளியே வைக்கக் கூச்சப்பட்டேன். பீரோ சாவி மாமியாரின் இடுப்பில் இருக்கும். சாவியைக் கேட்க ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைக்காத இரவுகளில் மாத்திரை இல்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூன்று நாள் பழனி போனோம். அட்டை புடவை மடிப்பிலேயே நிம்மதியாகத் தூங்கியது. வந்ததும் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டதாக நினைத்தேன். ஆணுறையும் இல்லை, அவசர மாத்திரையும் இல்லை. அப்போது எங்கள் கடையில்தான் அது கிடையாதே.

என் சின்ன மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் நான் எப்படி அழுதேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டு பிள்ளைக்கு நடுவே இடைவெளி விட நினைக்கிற பெண்ணுக்கு, ஆபரேஷன் ஆகும்வரை நாள் எண்ணுவதும் சாமி கும்பிடுவதும்தான் வழி என்று ஆகிவிட்டது. மாத்திரை இல்லாமல் இல்லை. பேச்சு இல்லை.

அதனால் இன்று என்னிடம் அட்டை வாங்குகிறவர்களுக்கு நான் செய்வது இரண்டு காரியம். முதலாவது, முதல் மாத்திரைக்குப் பக்கத்தில் பேனாவால் தேதியும் கிழமையும் எழுதிக் கொடுக்கிறேன், அடுத்த அட்டையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டாவது, “எங்கே வைப்பீங்க?” என்று கேட்கிறேன். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில், அஞ்சறைப் பெட்டி பக்கத்தில், கணவரின் பிரஷர் மாத்திரை டப்பாவில், எங்கேயும் இருக்கட்டும். தினமும் கை போகிற இடமாக இருக்க வேண்டும். கைபேசியில் அலாரம் வையுங்கள். இதைப் படிக்கிற ஆண்களே, உங்கள் கைபேசியிலும் அதே அலாரம் இருக்கட்டும்.

எங்கள் கடையில் பழைய தினத்தாளில் சுற்றிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். கேட்டால் மட்டும் கவர் உண்டு. அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் ‘அந்த மாத்திரை’ என்று கேட்காதீர்கள். மாலா-டி, சாயா, ஐ-பில் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எது வேண்டுமென்று தெரியாவிட்டால், “கருத்தடை மாத்திரை பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கக்கா” என்று கேளுங்கள். இருமல் மருந்துக்கு நிற்கிறவர் நின்றுகொண்டே இருக்கட்டும்.